படப்புத்தகம் பார்த்தால் ஸ்டோரிபோர்டு வருமா?

கரிக்கோடு கேட்டது:

வணக்கம். அனிமேஷன் படித்துவிட்டு, சின்ன ஸ்டுடியோ ஒன்றில் ஸ்டோரிபோர்டு (படமெடுக்கும் முன் காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது) உதவியாளராக இருக்கிறேன். போன வாரம் என் போர்டைப் பார்த்த சீனியர், "தனித்தனியா எல்லாப் படமும் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணைப் பார்த்ததும் அடுத்ததைப் பார்க்கணும்னு தோணல" என்றார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். "குழந்தைகளோட படப்புத்தகங்களை எடுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

பார்த்தேன். ஓவியங்கள் அருமை. அதற்கு மேல் எதைப் பார்க்க வேண்டும் என்று பிடிபடவில்லை. இதுவரை நான் செய்துவந்தது, பிடித்த சினிமாவை நிறுத்தி நிறுத்தி ஃப்ரேமைப் பார்த்து வரைவது. அது போதாதா? புத்தகம்தான் என்றால் காமிக்ஸ் இன்னும் நெருக்கம் இல்லையா? இந்த வேலையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பென்சில்சீவி எழுதியது:

தம்பி, ஓவியத்தைப் பார்க்காதீர்கள். பக்கம் திரும்பும் இடத்தைப் பாருங்கள். உங்கள் சீனியருக்கு மீட்டிங் இல்லாதிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஸ்டோரிபோர்டு எனக்குச் சோறு போடுகிறது, படப்புத்தகம் எனக்குப் பைத்தியம். நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போய், முழங்கால் தாடையில் இடிக்கும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான். ஒருமுறை பக்கத்தில் இருந்த சிறுமி, "நீங்க ரொம்ப வேகமா திருப்புறீங்க" என்று கண்டித்தாள். அவள் எல்லாப் பக்கத்திலும் மூலையில் இருந்த எலியைத் தேடிக்கொண்டிருந்தாள். எலி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

காமிக்ஸ் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பக்கத்தைத் திறந்ததும் கண் கடைசிக் கட்டம்வரை ஒரு ஓட்டம் ஓடி வந்துவிடும். மேலே ஒருவன் கதவைத் தட்டும்போதே, கீழே கதவைத் திறப்பது யார் என்று பாதி தெரிந்துவிடும். விவரமான காமிக்ஸ்காரர்கள் அதனால்தான் முக்கியமான வெளிப்பாட்டைத் தாளின் மறுபக்கத்தில் ஒளித்து வைப்பார்கள். படப்புத்தகத்தில் அந்த ஒளிப்பு ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் நடக்கிறது. சினிமாவும் அப்படித்தான், அடுத்த ஷாட் வரும்வரை அது எங்குமே இல்லை. உங்கள் போர்டு சுவரில் மொத்தமாகத் தொங்குவதால் நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறீர்கள். பார்வையாளருக்கு அந்த வசதி கிடையாது.

மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்', 1963. எங்கேயாவது தேடிப் பிடியுங்கள். முதல் படம் சின்னது, சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். பையனின் அறை காடாக மாற மாற ஓரம் சுருங்கிப் படம் வளர்கிறது. பிறகு முழுப் பக்கம். பிறகு எதிர்ப்பக்கத்திலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பூதங்களோடு கூத்தடிக்கும் இடம் வரும்போது இரட்டைப் பக்கம் முழுவதையும் படம் எடுத்துக்கொள்கிறது. அப்படி மூன்று இரட்டைப் பக்கங்கள், ஒரு சொல்கூடக் கிடையாது. வீடு திரும்பும்போது படம் மறுபடி ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, வெறும் எழுத்து. அங்கே அவர் ஒரு படம் வரைந்திருக்கலாம், யாருக்கும் குறையாகத் தெரிந்திருக்காது. வரையவில்லை. அந்த முடிவுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

படத்தின் அளவை இப்படி மாற்றும் வசதி நமக்கு இல்லை. சினிமா 1.85 விகிதத்தில் (உயரத்தைப் போல் 1.85 மடங்கு அகலம்) தொடங்கினால் பெரும்பாலும் கடைசிவரை அதே சட்டம்தான். ஆகவே ஓரத்தை வளர்ப்பதற்குப் பதில் நாம் ஷாட் அளவை (கேமரா எவ்வளவு பக்கம், எவ்வளவு தூரம் என்பதை) வளர்க்க வேண்டும். அதற்கு முதலில் சிக்கனம் தேவை. உங்கள் போர்டை நான் பார்த்ததில்லை. ஆனால் சீனியர் சொன்னதை வைத்துப் பார்த்தால், நாலாவது பேனலிலேயே (போர்டின் கட்டத்திலேயே) பிரமாதமான ஒரு லோ ஆங்கிள், அதாவது கீழிருந்து மேலே பார்க்கும் கோணம், போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொன்று, பாட் ஹட்சின்ஸின் 'ரோசீஸ் வாக்', 1968. மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி உலாப் போய்விட்டு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான் எழுத்து சொல்வது. படத்தில் பின்னாலேயே ஒரு நரி. எழுத்தில் நரி என்ற சொல்லே இல்லை. ஒரு பக்கத்தில் நரி பாய்கிறது, திருப்பினால் அதன் முகத்தில் அடி. பாய்ச்சல் இந்தப் பக்கம், அடி அந்தப் பக்கம், நடுவில் உங்கள் கை. ஆக்‌ஷனில் எங்கே கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) வைப்பது என்று தடித்தடியான புத்தகங்கள் சொல்வதை ஒரு நரி சொல்லிவிடுகிறது. கூடவே ஒரு பாடம்: வசனம் சொல்வதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று தண்டம்.

பயிற்சிக்கு ஒரு வழி. ஒரு புத்தகத்தை எடுத்து எழுத்தை மறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விரிப்பையும் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களையும்) தீப்பெட்டி அளவில் தம்ப்நெயிலாக, அதாவது குட்டிக் கிறுக்கல் படமாக, போடுங்கள். முகம், உடை எதுவும் வேண்டாம். ஆள் எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் போகிறார், கண் கடைசியாக எங்கே நிற்கிறது, இவை மட்டும். இடமிருந்து வலமாக வாசிக்கும் புத்தகங்களில் பயணம் போகிறவர் பெரும்பாலும் வலப்பக்கம் பார்த்தே நடப்பார், பக்கம் திரும்பும் ஓரத்தை நோக்கி. அவரை இடப்பக்கம் திருப்பினால் ஏதோ தடை என்று வாசகருக்கே உறைக்கும். ஜப்பானியப் புத்தகங்கள் பலவற்றில் இது தலைகீழ்.

கத்தரி எழுதியது:

எடிட்டராக ஒரு ஆட்சேபம். பக்கம் திருப்புவது வாசகர் கை. கட் என் கை. அந்தச் சிறுமி எலியைத் தேடிப் பத்து நிமிடம் ஒரே பக்கத்தில் உட்காரலாம். தியேட்டரில் யாரும் உட்கார முடியாது, நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் படப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால், பையன் இன்னும் அழகான, இன்னும் அசையாத போர்டோடுதான் வருவான்.

கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே' (1962) பாருங்கள். 28 நிமிடம், ஏறக்குறைய முழுக்க நிழற்படங்கள்தான். புத்தகமாகப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்கிறார், அதனால்தான் அது சினிமா. நடுவில் ஒரே ஒரு இடத்தில் தூங்கும் பெண் கண் திறந்து பார்ப்பாள், அது மட்டும் அசையும் படம். அதுவரை அசையாமல் இருந்ததால்தான் அந்த ஒரு கண்திறப்பு அப்படி வேலை செய்கிறது.

எனக்கு வரும் போர்டுகளில் பாதிக்கு மேல் பேனலுக்கு நேரமே எழுதியிருக்காது. எழுதுங்கள். ஒன்றரை நொடி, நாலு நொடி, தோராயமாக இருந்தாலும் சரி. பிறகு தற்காலிகக் குரலை வைத்து அனிமேட்டிக் (பேனல்களை அந்தந்த நேரத்துக்கு ஓடவிடும் வீடியோ) போடுங்கள். எங்கே இழுக்கிறது என்று உங்களுக்கே கொட்டாவி வந்து சொல்லும்.

நடுமடிப்பு எழுதியது:

நான் படப்புத்தகம் வரைபவள், சினிமா தெரியாது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகவல் மட்டும். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் எட்டு, பதினாறு என்ற கணக்கில்தான் பக்கம் வரும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்குப் பன்னிரண்டு, பதினான்கு விரிப்புதான் மிஞ்சும். எதைக் காட்டுவது என்பதைவிட எதை விடுவது என்றுதான் முதல் சண்டையே. நடுவில் தையல் விழும் இடத்தில் முகம் வைக்கக் கூடாது, மூக்கு உள்ளே போய்விடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பொறாமையாக இருக்கிறது.

புத்தகமும் படமுமாக ஒப்பிட்டுப் பார்க்க ரேமண்ட் பிரிக்ஸின் 'த ஸ்னோமேன்' நல்லது. 1978 புத்தகத்தில் சொற்களே இல்லை. 1982இல் வந்த படம் 26 நிமிடம், கலர் பென்சில் சொரசொரப்பைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தாவைப் படத்தில் சேர்த்தார்கள். தாளில் ஒரு பெரிய படமாக நின்றுவிடும் பறத்தல், திரையில் ஒரு முழுப் பாட்டுக்கு நீள்கிறது. கத்தரி சொல்லும் நேரம் இதுதானோ?

கரிக்கோடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா, பந்தயத்தில் நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், லோ ஆங்கிள் மூன்றாவது பேனல். கத்தரி சார், பேனலுக்கு நேரம் எழுத வேண்டும் என்று எங்கள் வகுப்பில் யாரும் அழுத்திச் சொன்னதில்லை, இன்றே தொடங்குகிறேன்.

இரண்டு சந்தேகம். தாமே வரைந்து படமெடுத்த இயக்குநர்களின் போர்டுகளைப் பார்த்தால் பயன் உண்டா? தம்ப்நெயிலை டேப்லெட்டிலேயே போடலாமா?

பென்சில்சீவி எழுதியது:

முதலில் கத்தரிக்கு. நேரம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்தப் பெண் கண் திறப்பதை எனக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்ததுதான் வேடிக்கை. அதுவரை எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து வைத்து, ஒரே இடத்தில் செலவழிக்கிறார். செண்டாக் வெள்ளை ஓரத்தை வைத்துச் செய்ததை இவர் அசைவை வைத்துச் செய்கிறார். நாம் இருவரும் ஒரே கட்சி.

இயக்குநர்களின் போர்டு: பாருங்கள், ஆனால் எதற்காகப் போட்டது என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' (1955) எடுப்பதற்குப் பல வருடம் முன்பே, அதே நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவர். படத்துக்கும் வழக்கமான திரைக்கதைக்குப் பதிலாகக் கறுப்பு மையில் காட்சிகளைத் தீட்டி ஒரு நோட்டாக வைத்திருந்தார். புத்தக ஓவியராக அந்தக் கதையில் வாழ்ந்தவர் கேமராவோடு அங்கே திரும்பப் போகிறார். இந்தத் தலைப்புக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா வேறு ரகம். ஓவியராக ஆரம்பித்தவர். 'ககெமுஷா'வுக்கு (1980) பணம் கிடைக்காமல் காத்திருந்த காலத்தில் காட்சி காட்சியாக வண்ணத்தில் தீட்டினார். ஸ்டோரிபோர்டாகப் பார்த்தால் அவை சுமார் என்று சொல்வேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். எங்கே கட், லென்ஸ் என்ன, ஒன்றும் புரியாது. ஆனால் அந்தச் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று உடைக்காரருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் வேறு யாராலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி இன்னொரு ரகம், போர்டு முடிவதற்கு முன்பே தயாரிப்பைத் தொடங்கிவிடுவார். உதவியாளராக இருக்கும்போது அதை மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

ஃப்ரேமை நிறுத்தி வரைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். தவறில்லை. ஒரு ஃப்ரேமாக எடுக்காமல் கட்டுக்கு முந்தைய ஃப்ரேமையும் பிந்தைய ஃப்ரேமையும் ஜோடியாக எடுங்கள். கண் இதில் எந்த மூலையில் இருந்தது, அதில் எங்கே போய் விழுகிறது என்று ஒரு புள்ளி வையுங்கள். சீனியர் "தோணல" என்று சொன்னது அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் என்பது என் ஊகம்.

டேப்லெட் பின்னால் எல்லாவற்றுக்கும் சரி, அனிமேட்டிக்குக்கு அது இல்லாமல் முடியாது. முதல் சுற்றுக்கு மட்டும் வேண்டாம். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னியில் வெப் ஸ்மித் தனித்தனித் தாளில் வரைந்து சுவரில் குத்தி வைத்ததன் வசதியே, பிடிக்காததைப் பிடுங்கிப் போடலாம் என்பதுதான். திரையில் அழிப்பதற்கு மனசு வராது, இன்னொரு லேயர் போட்டு ஒளித்துத்தான் வைப்போம். அதோடு டேப்லெட்டில் இரண்டு விரலால் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் நீங்கள் கண்ணிமை வரைய ஆரம்பித்துவிடுவீர்கள்.