இ-ஜர்னல் சந்தா: உங்கள் காலேஜில் எப்படி முடிவு செய்தார்கள்?

பர்கூர்_நூலகன்:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் காலேஜ், பெயர் வேண்டாம். சந்தா ஜனவரியில் ஆரம்பிக்கும், டிசம்பரில் லைப்ரரி கமிட்டி. ஏஜென்ட் கொட்டேஷனோடு உட்கார்ந்திருக்கிறார், விலை போன வருடத்தைவிட ஏறியிருக்கிறது, வேண்டாததைக் கழித்துவிட்டுக் கொடுங்கள் என்றால் பேக்கேஜ் சார், மொத்தமாகத்தான் என்கிறார். சரி என்று கவுன்டர் ரிப்போர்ட்டை, அதாவது எந்த ஜர்னலை எத்தனை முறை திறந்தார்கள் என்று பதிப்பகம் தரும் கணக்கை, எடுத்து வைத்தேன். ஒரு எச்.ஓ.டி அடம்பிடித்துக் கேட்ட ஜர்னலுக்கு வருடம் முழுக்க 2 டவுன்லோடு. கரஸ்பாண்டன்ட் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே "அந்த ரெண்டு பேர் யாருப்பா?" என்றார். இரண்டுமே நான்தான்! லிங்க் திறக்கிறதா என்று பார்த்தது. "ஸ்டாஃப்தான் சார்" என்றேன். பேக்கேஜ் பாஸ் ஆகிவிட்டது. இன்னும் உறுத்துகிறது.

களி_உருண்டை:
நான் தர்மபுரியில் ஆய்வு மாணவன், கேழ்வரகுக் குலைநோய். 2023-ல் தேடிய கட்டுரை எங்கள் டேட்டாபேஸ் பட்டியலில் இருந்த ஜர்னலில்தான் வந்திருந்தது. ஓடிப்போய் கிளிக் செய்தால் 12 மாத எம்பார்கோ, அதாவது வெளிவந்து ஒரு வருடம் ஆனால்தான் அங்கே முழுக் கட்டுரை திறக்கும். பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை அடுத்த வருடம் என்பது மாதிரி. கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டேன், விடிவதற்குள் பிடிஎஃப் வந்துவிட்டது.

ஓசூர்_அக்கா:
நூலகர் சார், பொய் சொன்னதை விடுங்கள், 2 டவுன்லோடு என்பதாலேயே வெட்டச் சொல்வதும் சரியில்லை. வளாக ஐபி-யில், அதாவது காலேஜ் நெட்வொர்க்கில் மட்டும் திறக்கிற மாதிரி வைத்திருந்தால் லீவில் போன ஹாஸ்டல் பையன் வீட்டிலிருந்து எப்படிப் படிப்பான்? எங்கள் இடத்தில் வெளியிலிருந்து லாகின் கொடுத்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. கேட்காமலே சொல்கிறேன்: விலையை டவுன்லோடால் வகுத்துப் பார்ப்பதோடு நிற்காதீர்கள், நாம் சந்தா கட்டாத ஜர்னலில் எத்தனை பேர் முட்டித் திரும்பினார்கள் என்பதும் அதே கவுன்டரில் தனி ரிப்போர்ட்டாக வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். தலைப்புப் பட்டியலில் எத்தனை ஆயிரம் என்று பார்க்காமல் எம்பார்கோ இருப்பவற்றைக் கழித்து எண்ணுங்கள். சந்தாவை நிறுத்தினால் பணம் கட்டிய வருடங்களின் இதழ்களாவது நம்மிடம் இருக்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இதெல்லாம் ஏஜென்ட் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

ஊத்தங்கரை_77:
இனி எதற்கு இந்தத் தலைவலி? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தாவுக்கு, அதாவது கல்வி நிறுவனங்களுக்காக அரசே மொத்தமாக ஜர்னல் சந்தா கட்டும் திட்டத்துக்கு, ஒப்புதல் கொடுத்துவிட்டதே, 3 வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் யுஜிசி மையமான இன்ஃப்ளிப்நெட் மூலம் வருகிறது.

பர்கூர்_நூலகன்:
தம்பி, முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு. எங்களுக்கு இந்த டிசம்பரிலும் அதே ஏஜென்ட்தான்.

களி_உருண்டை:
நூலகர் சார், அந்த ஜர்னல் பெயரைச் சொல்லுங்கள். பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வரும்போது அப்படியே உங்கள் லைப்ரரிக்கும் வருகிறேன், உட்கார விட்டால் மூன்றாவது டவுன்லோடு என்னுடையது.