தை மழை சராசரியைவிடப் பல மடங்கு என்கிறார்களே, எந்தச் சராசரி?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் சம்பா. அறுப்புக்கு நின்ற பயிர், போன வாரம் பெய்த மழையில் பாதி சாய்ந்துவிட்டது. செய்தியில் குளிர்கால மழை சராசரியைவிட மிக அதிகம் என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதைவிட எவ்வளவோ கொட்டியது, அதை மட்டும் இயல்பு என்றார்கள். பனியும் இந்தத் தடவை சரியாக இல்லை, மார்கழியில்கூடப் போர்வை தேவைப்படவில்லை. இந்தச் சராசரியை எதை வைத்துப் போடுகிறார்கள்?

கடைமடை:
தம்பி, வானிலைத் துறைக்குக் குளிர்காலம் என்றால் ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அது தனிக் கணக்கு. தமிழ்நாட்டுக்கு அந்த மூன்று மாதச் சராசரி சுமார் 44 செ.மீ., ஜனவரி பிப்ரவரி இரண்டும் சேர்ந்தே சில செ.மீ.தான். சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு, 20 முதல் 59 வரை கூடினால் அதிகம், 60 தொட்டால் மிக அதிகம். உங்கள் ஊர்க் குளிர்காலச் சராசரி 3 செ.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ராத்திரியில் 12 செ.மீ. பெய்தால் 300 சதவீதம் அதிகம் என்று வரும். அதே 12 நவம்பரில் பெய்தால் யார் கண்டுகொள்கிறார்கள்? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்த டெல்டா இது.

இன்னொன்று, சராசரி என்பது வழக்கமாகப் பெய்கிற மழை இல்லை. பிப்ரவரி பெரும்பாலும் காய்ந்துதான் போகும், எப்போதாவது இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலம் வந்து 2023 பிப்ரவரி தொடக்கத்தில் கொட்டியது மாதிரி கொட்டிவிடும், அந்த மழையை எல்லா வருஷத்துக்கும் பங்கு போட்டால் வருவதுதான் சராசரி. அதனால் பாதிக்கு மேற்பட்ட வருஷங்கள் "குறைவு" என்றுதான் வரும். வருஷங்களை மழை அளவுப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள், அது உண்மைக்குப் பக்கம்.

தாளடிக்காரன்:
கணக்கு சரிதான் அண்ணே, ஆனால் சதவீதத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய? 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்தால்தான் அதை மழை நாள் என்று எண்ணுவார்கள். அப்படி எத்தனை நாள், அறுப்புக்கு முன்னா பின்னா, அதைப் பார்த்தால் போதும். 2021-இல் பொங்கலை ஒட்டிப் பெய்தது, கதிர் முற்றி நின்ற நேரம், சாய்ந்த நெல் வயலிலேயே முளைத்தது. அப்படி நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பார்கள். இருக்குமா? டயர் வைத்த அறுப்பு வண்டியும் ஈர வயலில் இறங்காது, செயின் வண்டிக்கு வாடகை அதிகம். 2016-இல் தலைகீழ், பருவமழையே 60 சதவீதத்துக்கு மேல் குறைவு, தை பிறக்கும்போது பயிர் கருகிக் கிடந்தது. அடுத்து வந்த ஜனவரியில் சராசரி மழை பெய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நாகை_மழைமானி:
பனிக்கு வருகிறேன். வெப்பநிலைக்கு 1991 முதல் 2020 வரை 30 வருஷச் சராசரியை வைக்கிறார்கள். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால்தான் தரைச் சூடு மேலே போய்ப் பனி இறங்கும். மேகம் மூடிக் கிழக்குக் காற்றும் அடித்தால் ராத்திரி புழுங்கும், பகல் மட்டும் மந்தமாகவே இருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இயல்பு என்று காட்டிவிடும். அதனால் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தனியாகப் பாருங்கள். அப்புறம் நாகப்பட்டினம் கடலோரம், ராத்திரி அவ்வளவாகக் குளிராது, திருச்சி உள்ளே தள்ளி இருக்கிறது. மன்னார்குடிக்கு இந்த இரண்டு ஊர் வெப்பநிலையுமே முழுசாகப் பொருந்தாது. பனி குறைந்ததில் ஒரு லாபமும் உண்டு, குளிர்ந்த ராத்திரியும் இலையில் ஈரமும் நீடித்தால்தான் நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான குலைநோய்க்குக் கொண்டாட்டம்.

வெண்ணாற்றங்கரை:
குலைநோய் இல்லை அண்ணே, அது வரைக்கும் சரி. ஆனால் மழைக்கு முந்தின நாள்தான் அறுக்காமல் நிற்கிற நெல்லுக்குள் உளுந்து விதை தெளித்தேன். தண்ணீர் நிற்கிறது, முளைக்குமா?

தாளடிக்காரன்:
நின்றால் அழுகிவிடும். இன்றைக்கே வரப்பை வெட்டி வடித்துவிடுங்கள், இரண்டு நாள் பார்த்துவிட்டு முளைக்காத இடத்தில் மட்டும் மறுபடி தெளியுங்கள்.