டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட அரசு மையம்) போய்வந்த பெற்றோர்களே, எல்லாத் தெரபியும் ஒரே இடத்தில் கிடைப்பது நிஜமாகவே உதவுகிறதா?

என் பையனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது டெஸ்ட் ஒரு இடம், மூளை நரம்பு டாக்டர் ஒரு இடம், ஸ்பீச் தெரபி வேறொரு இடம் என்று தனியாரிலேயே அலைந்தோம், போகிற இடமெல்லாம் பிறந்ததும் அழுதானா, எப்போது உட்கார்ந்தான் என்று முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். அப்புறம்தான் அரசு மருத்துவமனை டி.இ.ஐ.சி. போனோம். குழந்தை டாக்டர், பிசியோ, ஸ்பீச், சைக்காலஜிஸ்ட் எல்லோருக்கும் ஒரே ஃபைல். பிசியோ பார்ப்பவர் "இவன் சத்தத்துக்குப் பயப்படுகிறான்" என்று ஸ்பீச் மேடத்திடம் போய்ச் சொன்னதை நானே பார்த்தேன். காசு மிச்சமானதைவிட எனக்கு அதுதான் பெரிது.

மேலே எழுதியவர் சொல்வது சரிதான், ஆனால் டவுனில் இருப்பவர்களுக்கு. எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ். மகளிர் இலவசம் டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான், அடுத்த வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. போய் நின்றால் "ஸ்பீச் மேடம் லீவு" என்பார்கள், முந்தின நாளே ஒரு போன் போட்டுச் சொன்னால் என்ன? ஒன்றை மட்டும் குறை சொல்லமாட்டேன். அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு முறை வரும் ஆர்.பி.எஸ்.கே. டீம்தான் (பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு) என் மகளின் கால் பிரச்சினையைக் கண்டுபிடித்தது. எங்கள் மாமியார் "வளர வளரச் சரியாயிடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீம் வரும் நாளில் பிள்ளைக்கு லேசாகச் சளி என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் இரண்டு பேர் பிள்ளைகளுக்கும் ஆறு வயசு ஆகட்டும், அப்போது தெரியும். டி.இ.ஐ.சி. முக்கியமாக ஆறு வயது வரைக்கும்தான், அதற்குமேல் பள்ளிக்கல்வித் துறை, வட்டார வள மையம். அங்கே சிறப்பாசிரியர் தங்கமானவர், ஆனால் என் பையனின் நான்கு வருஷ டி.இ.ஐ.சி. ஃபைல் அவர் கைக்கு வரவே இல்லை. மறுபடி "எப்போது உட்கார்ந்தான்"! மருத்துவமனைக்குள்ளே எல்லாம் இணைந்திருக்கிறது, கேட்டைத் தாண்டினால் சுகாதாரத் துறை வேறு, பள்ளி வேறு, உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வேறு. நாம்தான் தபால்காரர். அதனால் ஐந்து வயதிலேயே தெரபி ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள், யு.டி.ஐ.டி. கார்டுக்கும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஒரிஜினலை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.