எலும்பும் தோலுமாக வரும் நாய்: முதல் வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

புதுக்கை:
பல மாதம் கட்டிப்போட்டுப் பட்டினி கிடந்த நாய் ஒன்று நாளை தற்காலிகப் பராமரிப்புக்கு வருகிறது. வயது சுமார் 3, எடை 10 கிலோ. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, வயிற்றுப் பக்கம் முடியெல்லாம் சிக்குக் கட்டி. வந்ததும் வெந்நீரில் குளிப்பாட்டி, வயிறாரச் சாப்பாடு போடலாமா? வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் உண்டு. பிடித்துப்போனால் இதையும் தத்தெடுக்கும் எண்ணம்.

நிதானம்:
இரண்டுமே வேண்டாம், முக்கியமாக அந்த வயிறார.

பட்டினி உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறையச் சாப்பாடு, அதுவும் ரொட்டி, பிஸ்கட் மாதிரி மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். சிவப்பணுக்கள் உடையலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். முதல் நாள் ஆவலாகச் சாப்பிட்ட நாய் மூன்றாம் நாள் கால் தள்ளாடி விழுவது இதனால்தான். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள்.

கணக்கு இது: எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 10 கிலோவுக்கு 370 கிலோகலோரி, இதுதான் ஒரு நாளைக்கான முழு அளவு. முதல் நாள் இதில் கால் பங்கு, அதாவது சுமார் 90. அதையும் ஆறாகப் பிரித்து 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. டப்பாவில் வரும் ஈர உணவென்றால் வேளைக்கு ஒரு மேசைக்கரண்டிதான் தேறும். அது கிண்ணத்தை நக்கிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். மனசு கேட்காது, ஆனாலும் கூட்டாதீர்கள். இரண்டாம் நாள் அரைப் பங்கு, மூன்றாம் நாள் முக்கால். ரொம்ப மெலிந்திருந்தால் முழு அளவுக்கு வர 10 நாள்கூட ஆகலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். முதல் கவளத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்து பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு பார்த்துவிடுங்கள். சிறுநீர் சிவந்து போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஈரமூக்கு:
சிக்கில் தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். கத்தரிக்கோலும் ஆபத்து: சிக்கோடு தோலும் கூம்பு மாதிரி மேலே வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். கிளிப்பரில் 10ஆம் எண் பிளேடு போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள். அடியில் புண்ணோ புழுவோ தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கொழுப்பில்லாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளியல் காத்திருக்கட்டும். உடம்பு சில்லென்று இருந்தால் போர்த்திச் சூடேற்றிய பிறகுதான் தீனி.

வேலிக்காவல்:
வீட்டு நாய்க்கு 14 நாள் முகமே காட்டாதீர்கள். தனி அறை, தனிக் கிண்ணம், அந்த அறைக்கென்று தனிச் செருப்பு. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் நாய்களுக்குள் தொற்றும் வைரஸ் நோய்கள். பார்வோ பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் வெளிப்படும், டிஸ்டெம்பர் இன்னும் தாமதிக்கும். மலத்தை முழுசாக அள்ளிக் கழுவிய பிறகே பிளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஈரமாகவே இருக்கணும்.

வெளியே போகும்போது மார்போடு மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, ரெண்டிலும் கயிறு. மெலிந்த கழுத்திலிருந்து பட்டை தலைவழியாக நழுவி, நாய் ஓடியே போய்விடும்.

புதுக்கை:
நல்லவேளை கேட்டேன். இன்னொன்று: கிண்ணத்துப் பக்கம் போனாலே உறுமுகிறதாம். அதட்டலாமா?

நிதானம்:
அதட்டாதீர்கள், கிண்ணத்துக்குள் கைவிட்டுப் பழக்கவும் வேண்டாம். உறுமுவதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். கிண்ணத்தை வைத்துவிட்டு அறையை விட்டு வந்துவிடுங்கள். முழு அளவுச் சாப்பாட்டுக்கு வந்த பிறகு, அது சாப்பிடும்போது தள்ளி நின்று ஒரு இறைச்சித் துண்டை வீசிவிட்டு விலகுங்கள். உங்களைக் கண்டதும் உடம்பு விறைக்காமல் தலைநிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தால் ஒரு அடி கிட்டே போகலாம்.

தத்தெடுப்பதை எடை கூடிய பிறகு முடிவு செய்யுங்கள். இப்போது சாதுவாகத் தெரிவது பாதி பலவீனம். தெம்பு வந்து, உங்கள் நாயோடு சில வாரம் பழகட்டும்.