வளைகாப்புப் படங்களில் முகமெல்லாம் இருட்டு, காப்பாற்ற முடியுமா?

செங்காங்வாசி:
அக்காவுக்கு வீட்டிலேயே வளைகாப்பு நடந்தது. ஹால் சன்னலுக்கு முன்னால் உட்காரவைத்தோம். மாமா பையன் கேமராவில் படம் எடுத்தான். எதிர் புளோக்கில் காயும் துணிகூடத் தெளிவாக இருக்கிறது, அக்கா முகம்தான் தெரியவில்லை. ஃபோனில் பிரைட்னஸ் ஏற்றினால் முகம் சாம்பல் பூத்து, புடவை கட்டம் கட்டமாக உடைகிறது. நல்ல மென்பொருள் எது? காசு கொடுத்து வாங்கவும் தயார்.

பீஷான்பூனை:
கருப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். யாராவது கேட்டால் கலை என்று சொல்லலாம்.

நிழற்பெட்டி:
வளையலும் பட்டும் கருப்பு வெள்ளையிலா? பாட்டி சும்மா விடமாட்டார். தம்பி, மென்பொருள் அப்புறம். படங்கள் உங்கள் கைக்கு எப்படி வந்தன? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். இருட்டுக்குள் இருந்த கொஞ்ச நஞ்ச விவரமும் அதில் போய்விடும். கேமரா கார்டையே கேட்டு வாங்குங்கள். ஜேபெக்கோடு ரா கோப்பும் (கேமரா பதிந்தபடியே வைக்கும் மூலக்கோப்பு) இருக்கிறதா பாருங்கள். கேனான் என்றால் பெயர் சிஆர்2 அல்லது சிஆர்3 என்று முடியும், நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ.

செங்காங்வாசி:
வாட்ஸ்அப்தான் அண்ணே. கார்டு வாங்கிவிட்டேன், ஒவ்வொரு படத்துக்கும் ஏஆர்டபிள்யூவும் இருக்கிறது!

நிழற்பெட்டி:
அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. படத்தை 3 ஸ்டாப் தூக்குவது என்றால் வெளிச்சத்தை 8 மடங்காக்குவது. அதற்கு ரா தாக்குப்பிடிக்கும், ஜேபெக் கிழிந்துவிடும்.

காசு வேண்டாம், ரா கோப்புகளைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருள் இலவசம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முகத்தைப் பார்த்தே ஏற்றுங்கள், சன்னலைப் பார்க்காதீர்கள். சன்னல் வெளுக்கும். பிறகு அதிலேயே இருக்கும் சிக்மாய்டு என்ற கருவியைப் போட்டால் ஓரளவு அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால், எக்ஸ்போஷரைப் பொதுவாகக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, முகத்தையும் கைகளையும் சுற்றி மாஸ்க் (திருத்தம் எங்கே மட்டும் என்று குறிக்கும் எல்லை) வரைந்து மீதியை அங்கே மட்டும் ஏற்றுங்கள். மாஸ்க்கின் ஓரம் நன்றாக மங்கலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தலையைச் சுற்றிச் சாமி படம் போல ஒளிவட்டம் வந்துவிடும்.

இருட்டைத் தூக்கினால் நாய்ஸும், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சலும், கூடவே வரும். அதைக் குறைக்கும் 'டீநாய்ஸ் புரொஃபைல்டு' கருவி உங்கள் கேமராவையும் ஐஎஸ்ஓவையும் (படம் எடுத்தபோது வைத்த ஒளி உணர்திறன் அளவு) பார்த்துத் தானே அளவு வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இழுக்காதீர்கள், தோல் மெழுகாகிவிடும். கை ஆடி மங்கிய படங்களுக்கு இதெல்லாம் உதவாது, அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

தேக்காகாரி:
நிறத்தையும் கவனியுங்கள். சன்னல் வெளிச்சம் நீலம், ஹால் விளக்கு மஞ்சள். வெள்ளை வேட்டியைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாய்வைச் சரிசெய்யும் அளவு) எடுக்கலாம் என்று தோன்றும், ஆனால் சலவைத்தூளில் இருக்கும் வெளுப்பான் துணியில் நீலம் கூட்டும். சாம்பல் நிறப் பொருள் ஏதாவது படத்தில் இருந்தால் அதைத் தொடுங்கள். கன்னத்துச் சந்தனம் வெளிச்சம் ஏற்றியதும் ஆரஞ்சாகக் கத்தும். மஞ்சள், ஆரஞ்சு இரண்டின் அடர்த்தியையும் கொஞ்சம் குறையுங்கள்.

செங்காங்வாசி:
செய்து பார்த்தேன். அக்கா முகம் வந்துவிட்டது, வளையல் நிறம்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. முடியில் மட்டும் ஊதா ஊதாவாகப் புள்ளிகள்.

நிழற்பெட்டி:
அது நிற நாய்ஸ். டீநாய்ஸை இன்னொரு முறை சேர்த்து, பிளெண்ட் மோடை (திருத்தம் படத்தோடு கலக்கும் முறை) நிறத்துக்கு மட்டும் மாற்றுங்கள். முடியின் கூர்மை குறையாது.

பீஷான்பூனை:
ஆல்பத்துக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். திரையில் சரியாகத் தெரிவது தாளில் இருட்டும். முதலில் ஒரே ஒரு 4ஆர் (4க்கு 6 அங்குலம்) பிரிண்ட் போட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் புள்ளிகளும் அந்த அளவில் பெரும்பாலும் தெரியாது.

செங்காங்வாசி:
சரி, நாளைக்கே ஒன்று போடுகிறேன். மாமா பையனிடம் இனிமேல் கார்டை அழிக்கும் முன் கேட்கச் சொல்லிவிட்டேன்.