ஆட்டைத்திவசத்துக்குப் போனா ரட்சிப்புப் போயிடுமோ?

வெள்ளவத்தைப் பொடியன்:
கனநாளா சும்மா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இண்டைக்குத்தான் எழுதுறன். வீட்டில எல்லாரும் சைவம். நான் மட்டும் 14 வயசில ஒரு கூட்டத்தில கையை உயர்த்தி ஜெபம் பண்ணி ரட்சிக்கப்பட்டனான், பிறகு ஞானஸ்நானமும் எடுத்தாச்சு, இப்ப 29. அம்மம்மா போன வருசம் மோசம் போயிட்டா, வாற ஞாயிறு ஆட்டைத்திவசம். விளக்கேத்தி எல்லாரோடயும் இருந்து சாப்பிடு எண்டு அம்மா கேக்கிறா, பாஸ்டர் அந்தப் பக்கமே போகவேண்டாம், படைச்சதை வாயில வைக்கக்கூடாது எண்டுறார். நான் அவரிட்ட அம்மம்மா இப்ப எங்க எண்டு கேட்டுட்டன். கொஞ்சநேரம் பேசாம இருந்துட்டு 'ஆண்டவர் அறிவார்' எண்டார், ஆனா முகத்தில வேற பதில் கிடந்தது. அண்டையிலயிருந்து முழங்காலில நிண்டா சுவரோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு. நான் அப்ப ரட்சிக்கப்படவே இல்லையோ, இல்லாட்டி கிடைச்சது கைவிட்டுப் போயிட்டுதோ?

கிருபை மட்டும்:
பிரதர் பயப்படாதேங்கோ. என் கையிலயிருந்து ஒருவனும் பறிக்கமாட்டான் எண்டு யோவான் 10:28ல இயேசுவே சொல்லிப்போட்டார். எபேசியர் 2:8 இதை தேவனுடைய ஈவு எண்டுது, ஈவெண்டு குடுத்தவர் திருப்பிக் கேப்பாரோ? உணர்ச்சி ஏறும் இறங்கும், அதை வைச்சு ரட்சிப்பை அளக்கக்கூடாது.

எரியும் விளக்கு:
இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் சனத்தை நித்திரையாக்கி வைச்சிருக்கிறது. எபிரெயர் 6:4லயிருந்து 6 மட்டும் வாசியுங்கோ. பரம ஈவை ருசிபார்த்திட்டு மறுதலிச்சுப் போனவையைத் திரும்பப் புதுப்பிக்கிறது கூடாத காரியம் எண்டு இருக்கு. பறிக்கத்தான் ஒருத்தராலயும் ஏலாது, தானாக் குதிச்சு இறங்கினா? தம்பி, 1 கொரிந்தியர் 10:21ஐயும் பாருங்கோ, கர்த்தருடைய போஜனபந்தியிலயும் பேய்களுடைய போஜனபந்தியிலயும் ரெண்டிலயும் பங்கெடுக்க ஏலாது.

சும்மா கேக்கிறன்:
அம்மம்மாவுக்குப் படைச்ச கத்தரிக்காய்க் கறி பேய்ப் பந்தியோ அண்ணை? ஒரு வாய் பாயாசத்தில கரையிற ரட்சிப்பை 15 வருசமாப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தவனை நினைக்கத்தான் பாவமாக் கிடக்கு. (நானும் ஒருகாலம் ஞாயிறு தவறாமப் போனவன்தான், அதால ஆரும் எனக்கு வசனம் அனுப்பாதேங்கோ.)

கொட்டாஞ்சேனை மேரி:
நான் கத்தோலிக்கம். நீங்க சண்டை போடுற இந்த 'நிச்சயம்' எங்களுக்குப் பழக்கமே இல்ல. தான் கிருபையிலதான் இருக்கேன்னு யாரும் தப்பே வராத உறுதியோட சொல்ல முடியாதுன்னு 1547லயே எங்க ஆயர்கள் கூடின திரெந்து பொதுச்சங்கத்துல எழுதி வச்சிட்டாங்க. நாங்க நம்பிக்கையோட இருக்கோம், அவ்வளவுதான். தன் குத்தம் இல்லாம கிறிஸ்துவ அறியாதவங்க நேர்மையா கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தா அவங்களும் மீட்படையலாம்னு 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிருக்கு. செவ்வாக்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வந்து பாருங்க தம்பி, நெத்தியில விபூதியோட எத்தனை பேர் மெழுகுதிரி கொளுத்துறாங்கன்னு.

சும்மா கேக்கிறன்:
அக்கா, அறியாதவை எண்டா சரி. பேரன் 15 வருசமாப் பக்கத்து அறையில பைபிள் வாசிக்கிறான், அம்மம்மா அறியாதவவோ? அப்ப இவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா மனுசி தப்பியிருக்கும், இவன் சொன்னதாலதான் மாட்டிட்டா.

கொட்டாஞ்சேனை மேரி:
காதுல விழுந்ததெல்லாம் அறிஞ்சதாயிடுமா? நம்ம சொன்ன விதத்துலயே எத்தனை பேர் ஓடிப்போயிருக்காங்க. சரி ஒண்ணு சொல்றேன். 2019 ஏப்ரல் 21 எங்க சித்தி அந்தோனியார் கோவிலுக்குக் கெளம்பி, காய்ச்சல்னு படுத்துட்டாங்க. கோவில்ல குண்டு வெடிச்ச பொறகு வீட்டுக்கு வந்தவங்கெல்லாம் ஆண்டவர் காப்பாத்திட்டாருன்னாங்க. சித்தி அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாங்க, அப்ப உள்ள இருந்தவங்கள அவரு பாக்கலையான்னு கேப்பாங்க. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல. ஆனா செவ்வாக்கிழமை போறத அவங்க விடல, சில நாள் உள்ள போகாம வாசல்லயே நின்னு அவரத் திட்டிட்டு வந்துருவாங்க. அதுவும் ஜெபம்தான்னு நான் சொல்வேன், உங்க பாஸ்டர் ஒத்துக்குவாரோ என்னவோ.

கிருபை மட்டும்:
சாப்பாட்டு விசயத்துக்கு வாறன். அதே 1 கொரிந்தியர் 10ம் அதிகாரம் 27ல, அவிசுவாசி ஒருத்தன் விருந்துக்குக் கூப்பிட்டா ஒண்டும் விசாரிக்காமச் சாப்பிடு எண்டுதான் பவுல் எழுதுறார்.

எரியும் விளக்கு:
28ஐ ஏன் விழுங்கிட்டீங்கள்? இது படைச்சது எண்டு ஒருத்தன் சொன்னாச் சாப்பிடாதே எண்டு இருக்கு. திவசத்தில ஆரும் சொல்லவே தேவையில்லை, படமும் வாழையிலையும் முன்னாலேயே இருக்கு.

சும்மா கேக்கிறன்:
மாட்டினார் 😄

வெள்ளவத்தைப் பொடியன்:
ராத்திரி முழுக்க நானும் அந்த இடத்தைத்தான் வாசிச்சன். அண்ணை, 28ஓட நிப்பாட்டாதேங்கோ, 29ல அது உன்ர மனச்சாட்சி இல்லை, மற்றவன்ர மனச்சாட்சி எண்டு கிடக்கு. எங்கட வீட்டில மற்றவ எண்டா அம்மா, நான் சாப்பிடாட்டித்தான் அவவுக்கு இடறல், தாயின்ர தாய்க்கு ஒரு பிடி சோறு சாப்பிடாத பிள்ளையை ஆக்கின சாமி என்ன சாமி எண்டுதான் அவ நினைப்பா, சொல்லமாட்டா, நினைப்பா. பிறகு மாற்கு 9:24. பிள்ளைக்கு வருத்தம் எண்டு வந்த தகப்பன் விசுவாசிக்கிறன், என்ர அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் எண்டு ஒரே மூச்சில ரெண்டையும் சொல்லுறான், இயேசு முதல்ல அதைச் சரிப்படுத்திட்டு வா எண்டு அனுப்பேல்லை, பொடியனைச் சுகமாக்கிவிட்டார். எனக்கு இப்ப அவ்வளவுதான் சொல்ல வருது. சாப்பிடுவன். விளக்கு ஏத்துறதோ இல்லையோ எண்டு இன்னும் தெரியேல்லை. அம்மம்மா எங்க எண்ட கேள்வியும் அப்பிடியேதான் கிடக்கு, மேரி அக்கா சொன்னதில கொஞ்சம் மூச்சு விட்டன். இதில பெரிய கரைச்சல் என்னெண்டா ஞாயிறு ஆராதனையில கீபோட் நான்தான், பாஸ்டருக்கு இன்னும் சொல்லேல்லை.

எரியும் விளக்கு:
திவசம் எத்தனை மணிக்கு?

வெள்ளவத்தைப் பொடியன்:
ஐயர் பதினொண்டரைக்குத்தான் வருவார்.

எரியும் விளக்கு:
பத்தரைக்கு ஆராதனை முடிஞ்சிடும்தானே, ஓட்டோ பிடிச்சா ரெண்டுக்கும் நிக்கலாம். நான் சொன்ன வசனத்தை மாத்தேல்லை எண்டதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.