கம்யூனிட்டி காலேஜில் என்ன பாடம் இருக்க வேண்டும் என்பதை வேலைச் சந்தைக் கணக்கு தீர்மானிக்கலாமா?

கிழக்குக்கரை:
அமெரிக்காவில் எங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டாண்டுப் படிப்பும் குறுகிய தொழிற்பயிற்சியும் தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. அதற்காக வட்டார மக்கள்தொகை, படிப்பு நிலை, வேலைப் போக்கு மூன்றையும் சேர்த்து ஓர் அறிக்கை போட்டிருக்கிறார்கள். அதன் சாரம்: பள்ளி முடித்து வரும் பிள்ளைகள் குறைவார்கள், நடுவயதினரும் முதியவர்களும் கூடுவார்கள், மருத்துவம், மின்வேலை, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றில் ஆள் தேவைப்படும். ஆகவே அந்தத் துறைகளில் சில வாரச் சான்றிதழ் வகுப்புகளைக் கூட்டி, ஆள் சேராத வரலாறு, இலக்கிய வகுப்புகளைக் குறைக்கலாம் என்று முன்மொழிவு. அடுத்த மாதம் கல்லூரியை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். போகும் முன் இங்கே பேசித் தெளிவாகலாம் என்று எழுதுகிறேன்.

நான் ஆதரவுப் பக்கம். 2007இல் இந்த நாட்டில் 43 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை திரும்ப வரவே இல்லை. 2023இல் 36 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. 2007இல் பிறந்தவர்களுக்கு 2025இல் 18 வயது. இனி பள்ளியிலிருந்து வரும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். பிறக்காத பிள்ளை 18 வயதில் வந்து சேரப் போவதில்லை. இது தெரிந்த பிறகும் பழைய பாடப் பட்டியலையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வரி கட்டுகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய வாத்தியார்:
கிழக்குக்கரை, பிறப்புக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாட்டுக்கான கணக்கு. ஒரு கவுண்டிக்கு ஆள் வருவதும் போவதும் வீட்டு வாடகை, புதிய ஆலை, வெளிநாட்டிலிருந்து குடியேறுகிறவர்கள் என்று எத்தனையோ காரணங்களால். பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளிலேயே ஒன்றில் பள்ளி மூடுவார்கள், இன்னொன்றில் புதிதாகக் கட்டுவார்கள்.

அப்புறம், கல்லூரிச் சேர்க்கை மக்கள்தொகையைப் பின்தொடர்ந்து மட்டும் போவதில்லை. 2008 நெருக்கடியில் வேலை போனவர்கள் கூட்டமாகக் கல்லூரிக்கு வந்தார்கள். 2010 வாக்கில் சேர்க்கை உச்சத்துக்குப் போனது. பொருளாதாரம் தேறியதும் அது இறங்கத் தொடங்கியது. சரி, இதுதான் விதி போலிருக்கிறது, மந்தம் வந்தால் கூட்டம் வரும் என்று எல்லோரும் நம்பினோம். 2020இல் கொரோனா வந்தது, வேலையும் போனது, கம்யூனிட்டி காலேஜ் சேர்க்கையும் சேர்ந்தே விழுந்தது. இத்தனை எளிய விதியே பொய்த்துப்போகும்போது, பத்தாண்டு வேலைக் கணிப்பை நம்பி வரலாற்று வகுப்பை மூடலாமா?

இன்னொன்று. கம்யூனிட்டி காலேஜில் முதன்முதலாகச் சேருகிறவர்களில் 80 சதவீதம் பேர் இளங்கலைப் பட்டம் வரை போக வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அதை வாங்குகிறவர்கள் சுமார் ஆறில் ஒருவர்தான். வட்டாரத்துக்கு என்ன தேவை என்று அறிக்கை எழுதுகிறவர்கள், உள்ளே வந்து நிற்கும் பிள்ளை என்ன கேட்கிறது என்பதை ஏன் அதே அளவு கனத்தோடு எழுதுவதில்லை? இலக்கியமும் வரலாறும் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக வேண்டிய பாடத் தொகுப்பில் இருப்பவை. அவற்றைக் குறைத்தால் மாறிப்போகும் வழியே அடைபடும்.

எண்ணும்எழுத்தும்:
நான் வேறொரு மாநிலக் கல்லூரியில் இந்த மாதிரி அறிக்கைகளைத் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். இருவரும் அறிக்கையின் முடிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று சொன்னால் உதவும்.

முதலில் மக்கள்தொகை. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் சென்சஸுக்கு இடையில் எங்களுக்குக் கிடைப்பது அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு. அது மாதிரிக் கணக்கெடுப்பு, எல்லா வீட்டையும் எண்ணுவதில்லை. 65,000 பேருக்கு மேல் இருக்கும் இடங்களுக்குத்தான் ஓராண்டு மதிப்பீடு தருவார்கள். சின்ன ஊர்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துக் கலந்த எண்தான் வரும். ஆகவே சிறிய கவுண்டி அறிக்கையில் "இன்றைய நிலை" என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஐந்தாண்டுகளின் சராசரி. பிழை எல்லையும் பெரிதாக இருக்கும். அதை அறிக்கையில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது வேலை. "இந்தத் துறையில் இத்தனை இடங்கள் காலியாகும்" என்று படிக்கும்போது, அது முழுக்க வளர்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது. ஓய்வு பெறுகிறவர்கள், வேறு தொழிலுக்குப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் இடங்களும் அதில் சேர்ந்தவை. சுருங்கிக்கொண்டே போகும் தொழிலிலும் ஆண்டுதோறும் நிறைய இடம் காலியாகும். உணவகம், கடை வேலைகளில் இது மிக அதிகம். காலியிட எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், படிப்பே தேவைப்படாத, சம்பளம் குறைந்த வேலைகள்தான் மேலே வந்து நிற்கும்.

இணைய வேலை விளம்பரங்களை எண்ணித் தரும் தனியார் தரவும் உண்டு. ஒரே வேலை பத்துத் தளங்களில் வரும். அவர்கள் கழித்து எண்ணுவதாகச் சொன்னாலும் முழுக்கக் கழியாது. பிளம்பர், சிறு ஒப்பந்தக்காரர் மாதிரியானவர்கள் விளம்பரமே போடாமல் தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பார்கள். அந்தத் தேவை அந்தத் தரவில் தெரியவே தெரியாது.

கடைசியாகப் பாடத்தையும் வேலையையும் இணைக்கும் அட்டவணை. மத்திய அரசிடம் பாடங்களுக்கு ஒரு குறியீட்டு முறை, தொழில்களுக்கு இன்னொன்று. இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. வெல்டிங் என்றால் வெல்டர் என்று கச்சிதமாகப் பொருந்தும். வணிக நிர்வாகம் என்று போட்டால் டஜன் கணக்கில் தொழில்கள் வரும். பொதுக் கல்விப் பட்டத்துக்கு எதிரே உருப்படியாக எந்த வேலையையும் வைக்க முடியாது. இந்தக் கருவி அளக்கும் முறையே தொழிற்பாடத்துக்குச் சாதகமாகவும் பொதுப் பாடத்துக்குப் பாதகமாகவும் அமைந்திருக்கிறது. வாத்தியார் ஐயாவின் வருத்தத்துக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

கிழக்குக்கரை:
நல்ல விளக்கம், நன்றி. ஆனால் கருவியில் குறை இருக்கிறது என்பதால் கருவியையே வீசிவிட முடியாது. தொழிற்கல்விக்கு மத்திய அரசு தரும் பெர்கின்ஸ் நிதியை வாங்க வேண்டுமானால், 2018இல் புதுப்பித்த சட்டப்படி வட்டாரத் தேவை மதிப்பீடு கட்டாயம். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். எண்ணிப் பார்க்காமல் திட்டம் போட்ட காலம் முடிந்துவிட்டது.

வாத்தியார் ஐயா, மாற்றாக என்ன வைக்கிறீர்கள்? ஆசிரியர்களுக்குப் பிடித்த பாடம், போன ஆண்டு இருந்த பாடம், இவற்றை வைத்துத் தீர்மானிப்பதா? அதில் தோற்பது ஏழை மாணவர்தான். வேலை கிடைக்காத சான்றிதழுக்காக இரண்டு ஆண்டுகள் செலவழித்தவரிடம் போய் "கணிப்பு நிச்சயமில்லை" என்று சொல்ல முடியுமா? டாக்டர் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மருத்துவக் குறிப்பு வேலைக்கு எத்தனை இடங்களில் சான்றிதழ் நடத்தினார்கள்! பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் அந்தத் தொழில் சுருங்கத் தொடங்கியது. கணிப்பைப் பார்த்து உரிய நேரத்தில் மூடிய கல்லூரி மாணவரைக் காப்பாற்றியது.

பழைய வாத்தியார்:
அந்த உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. அந்தச் சான்றிதழ்களைத் திறந்ததும் ஒரு தேவைக் கணக்கைக் காட்டித்தான். குறுகிய பயிற்சி எவ்வளவுக்கு எவ்வளவு ஒரே வேலைக்கு வெட்டித் தைக்கப்படுகிறதோ, அந்த வேலை போகும்போது அவ்வளவு முழுமையாக ஆளைக் கைவிடும். எழுதவும் வாசிக்கவும் கணக்குப் போடவும் கற்றவர் அடுத்த வேலைக்கு நகர முடியும்.

வெள்ளைக்கோட்டு:
நர்சிங் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. அறிக்கை மருத்துவத்தில் ஆள் தேவை என்கிறது. அது இருபது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். எங்கள் வகுப்பில் சேரத் தகுதியிருந்தும் இடமில்லாமல் திரும்புகிற மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இடம் ஏன் கூடவில்லை?

மருத்துவமனைப் பயிற்சி இல்லாமல் நர்ஸ் ஆக முடியாது. ஒரு ஆசிரியர் இத்தனை மாணவர்களுக்கு மேல் வார்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று பல மாநில நர்சிங் வாரியங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, வரம்பு சரிதான். ஆனால் அந்த ஆசிரியர் கிடைப்பதில்லை. முதுகலை படித்த நர்ஸுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் சம்பளத்தைக் கல்லூரி தருவதில்லை. பயிற்சி இடத்துக்கும் போட்டி. சுற்றியிருக்கும் எல்லா நர்சிங் பள்ளிகளும் அதே சில வார்டுகளைத்தான் கேட்கின்றன. பிறப்பு குறைவதால் சில மருத்துவமனைகள் பிரசவப் பிரிவையே மூடுகின்றன. அங்கே எங்கள் மாணவர்கள் பயிற்சி பெற இடம் இல்லாமல் போகிறது. மக்கள்தொகைப் போக்கு எங்களை வந்து அடிப்பது இந்த வழியில். இதை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே "தேவை இருக்கிறது, வகுப்பைக் கூட்டு" என்ற வரி எங்கள் துறையில் வெறும் காகிதம். ஆசிரியர் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்குகிறார்களா, மருத்துவமனையோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார்களா என்று கேளுங்கள்.

மாலைநேர மாணவி:
நான் 38 வயதில் மறுபடி படிக்க வந்தவள். அறிக்கையில் வரும் "கொஞ்சம் கல்லூரி, பட்டம் இல்லை" என்ற வரிசையில் நானும் ஒருத்தி. நாடு முழுக்க 3.6 கோடிக்கு மேல் இருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் குறைந்தால் எங்களை வைத்து இடத்தை நிரப்பலாம் என்று கல்லூரிகள் நினைக்கின்றன. நல்லது, வரவேற்கிறேன். டென்னசி 2018இலிருந்து பெரியவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் இல்லாமல் படிக்க வழி செய்தது, மிச்சிகன் 2021இல் தொடங்கியது.

ஆனால் கட்டணம் மட்டும் தடை இல்லை. நான் படிக்கும் கல்லூரியில் எனக்கு வேண்டிய உயிரியல் ஆய்வக வகுப்பு செவ்வாய் காலை பத்து மணிக்கு மட்டும். அந்த நேரத்தில் நான் வேலையில் இருப்பேன். மாலையில் வைத்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வளாகக் குழந்தைகள் காப்பகம் ஐந்தரைக்கு மூடிவிடும். எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும். எந்தப் பாடம் என்று இத்தனை விவாதம் நடக்கிறது. எந்த நேரத்தில் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வயதினர் எத்தனை பேர் என்று எண்ணத் தெரிந்தவர்கள், எங்களில் எத்தனை பேர் எந்த ஷிப்டில் வேலை செய்கிறார்கள் என்றும் எண்ணலாமே.

அப்புறம் வாத்தியார் ஐயா, எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு உங்கள் மாதிரி ஒருவர் நடத்திய வரலாற்று வகுப்புதான். ஆனால் என் வீட்டு வாடகைக்கு எனக்குக் கூடுதல் சம்பளமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கிழக்குக்கரை:
அம்மா, நீங்கள் சொன்ன நேரக் கணக்கை நான் கூட்டத்தில் கட்டாயம் எழுப்புகிறேன். ஆனால் உங்களுக்காகத்தான் குறுகிய வகுப்புகளே வருகின்றன. 2026 ஜூலை 1 முதல், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை 8 முதல் 15 வாரத்துக்குள் முடியும் பயிற்சிகளுக்கும் கிடைக்கும் என்று சட்டம் ஆகியிருக்கிறது. சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது.

பழைய வாத்தியார்:
எந்த வேலை? பெல் உதவி ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் அளவிட்டுத் தரப்படுவது. பத்து வாரப் பயிற்சியில் அதில் ஒரு பகுதியைச் செலவழித்து, பயிற்சி இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய வேலையில் சேர்ந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்? முதியோர் இல்லங்களில் நர்ஸ் உதவியாளருக்கு எப்போதும் ஆள் தேவை. அந்த வேலையில் இருப்பவர்கள் வாங்கும் கூலியும் எல்லோருக்கும் தெரியும். ஆள் கிடைக்காததற்குக் காரணம் பயிற்சிக் குறைவா, கூலிக் குறைவா? கூலி போதாமல் ஆட்கள் விலகிப் போகும் வேலைக்குப் பொதுப் பணத்தில் புது ஆட்களை அனுப்பிக்கொண்டே இருப்பது முதலாளிக்குச் செய்யும் உதவி. கல்லூரிக்கு அது வேலை இல்லை.

வெள்ளைக்கோட்டு:
இதில் நான் வாத்தியாரோடு நிற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். உதவியாளர் பயிற்சியை முதல் படியாக வைத்து, அந்த கிரெடிட் (படித்த பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு அலகு) அப்படியே நர்சிங்கின் அடுத்த படிகளான எல்பிஎன், ஆர்என் படிப்பில் சேரும்படி செய்தால் அது உண்மையான வழி. எங்கள் நல்ல மாணவர்களில் பலர் அந்தப் படியில் ஏறி வந்தவர்கள். சிக்கல் என்னவென்றால், சில வாரப் பயிற்சிகள் பெரும்பாலும் கிரெடிட் இல்லாத பிரிவில் நடக்கின்றன. மேலே போகும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணும்எழுத்தும்:
அப்படியானால் கூட்டத்தில் கேட்க வேண்டியவை தெளிவாகிவிட்டன. ஒவ்வொரு புது வகுப்புக்கும், காலியிடத்தில் வளர்ச்சி எவ்வளவு, பதிலுக்கு ஆள் எடுப்பது எவ்வளவு? சுற்றியுள்ள மற்றக் கல்லூரிகள் அதே வேலைக்கு ஏற்கெனவே எத்தனை பேரை அனுப்புகின்றன? இது மிக முக்கியம், ஏனென்றால் ஒரே கணிப்பைப் படித்து நான்கு கல்லூரிகள் ஒரே வகுப்பைத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கச் சம்பளம், ஒரு குழந்தையோடு இருப்பவர் அந்தக் கவுண்டியில் வாழப் போதுமா? கிரெடிட் அடுத்த படிப்புக்குச் சேருமா?

பழைய மாணவர்களின் சம்பளத்தைக் காட்டினால், அது எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் மாநில வேலையிழப்புக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எடுப்போம். சொந்தத் தொழில் செய்கிறவர்கள், எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்தில் வேலை செய்கிறவர்கள் அதில் வர மாட்டார்கள். மாநில எல்லையில் இருக்கும் கல்லூரிக்கு இது பெரிய ஓட்டை.

வரலாற்று வகுப்பைப் பொறுத்தவரை, அதை வேலைக் கணக்கில் அளக்காமல் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன மாணவர்களின் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். அந்தத் தரவு கல்லூரிகளிடம் இருக்கிறது.

கிழக்குக்கரை:
இந்தக் கேள்விகளை அப்படியே எழுதி எடுத்துப் போகிறேன். புது வகுப்புகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. சம்பள வரம்பும் கிரெடிட் நிபந்தனையும் சேர்த்துத்தான் இனி ஆதரிப்பேன். வகுப்புக் குறைப்பில் ஆள் எண்ணிக்கைதான் அளவுகோலாக இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆறு பேருக்கு ஒரு வகுப்பு நடத்த எந்தக் கல்லூரியாலும் முடியாது.

பழைய வாத்தியார்:
ஆறு பேர் மட்டும் ஏன் வந்தார்கள் என்று புரிய, மாலைநேர மாணவி சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பகல் பதினோரு மணிக்கு மட்டும் வைத்துவிட்டு ஆள் சேரவில்லை என்று மூடக் கூடாது. ஒரு செமஸ்டராவது மாலையிலும் இணையத்திலும் நடத்திப் பார்த்த பிறகு எண்ணுங்கள். டிரஸ்டிகளிடம் நான் கேட்கப் போவது அது ஒன்றுதான். பேச்சாளர் பட்டியலில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.